கேஸ் எங்கே போனது?

சவளக்கடையில் என் கராஜுக்கு ஏசி வேலைக்கு வருகிறவர்கள் நோயோடு மருந்தையும் சொல்லிக்கொண்டேதான் இறங்குவார்கள். "கேஸ் முடிஞ்சிட்டு போல தம்பி, கொஞ்சம் அடிச்சி உடுங்க." ஏசி கேஸ் டீசல் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் இல்லை. ஒரே கேஸ்தான் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கசியும், அது சரி. போன வருடம் அடித்தது இந்த வருடம் இல்லையென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அல்லது கேஸ் நிறைய இருக்கிறது, நின்றது கரண்ட்.

கிட்டங்கிப் பாலத்துக்கு அந்தப் பக்கத்து வாகனங்களுக்கு ஒரு வகை வருத்தம், இந்தப் பக்கத்தவைக்கு வேறு வகை. கல்முனை, மருதமுனை வாகனங்களைக் கடற்காற்று தின்னும். கண்டென்சரின் அலுமினியத் தகடு வெள்ளை மாவாக உதிரும், வயர் முனையில் பச்சை பூக்கும். நாவிதன்வெளிப் பக்கம் வட்டைக் காணி. வெள்ளாமை வெட்டும் காலத்தில் கண்டென்சருக்குள் பதரும் தூசும் அடையும். வெட்டி முடிந்ததும் வயலில் தீனி இல்லாத எலி பொனட்டுக்குள் குடியேறி வயரைக் கடிக்கும். மாரியில் தாம்போதிக்கு மேலால் பாயும் தண்ணீருக்குள் ஓட்டிக் கடந்த வாகனத்தின் கனெக்டர்கள் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கதை சொல்லத் தொடங்கும். வாகனம் எந்த ஊர் என்று நான் முதலில் கேட்பது சும்மா பேச்சுக்கல்ல.

ஒரு டொல்பின் வேன் வந்தது, கொழும்புக்கு இரவு ஹயர் ஓடுவது. "காலையில நல்லாக் குளிருது காக்கா. பகலாகினா விட்டு விட்டுத்தான் வேலை செய்யுது" என்றார் டிரைவர். ஏற்கெனவே இரண்டு இடங்களில் கேஸ் ஏற்றியிருந்தார்கள். கச்சான் காற்று வீசுகிற நாள், பொனட்டுக்குள் கை வைக்க முடியவில்லை. ஏசியைப் போட்டதும் கொம்பிரஷர் கிளச் 'டக்' என்று ஒட்டியது. சில நிமிடத்தில் வழுகி விலகியது. கேஜில் மேல் அழுத்தம் 300 பிஎஸ்ஐயைத் தாண்டி நின்றது. கிளச் விலகிய நேரத்திலும் அதன் வயரில் கரண்ட் இருந்ததால் சுவிட்சும் ரிலேயும் குற்றவாளிகள் இல்லை. கிளச்சை ஒட்ட வைக்கும் காந்தத்துக்கு இழுக்கப் பலம் காணவில்லை.

மீட்டரின் ஒரு முனையை பற்றரி நெகட்டிவ்விலும் மற்றதைக் கொம்பிரஷர் உடம்பிலும் வைத்தேன். அங்கே 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். காட்டியது 2.4. இந்தக் கிளச்சுக்கு ஒற்றை வயர், ஏர்த் போவது கொம்பிரஷர் உடம்பு வழியாக. யாரோ ரீகண்டிஷன் கொம்பிரஷர் போட்டபோது புதிதாகத் தெரியட்டும் என்று போல்ட் பூட்டும் காது வரைக்கும் வெள்ளிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். போல்ட் பெயின்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

எஞ்சின் ஓடும்போது கிளச்சுக்கு 14.1 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 11.7. காந்தத்தின் இழுவை கரண்டின் வர்க்கத்தோடு கூடிக் குறைவதால், இவ்வளவு இழப்புக்கே இழுவையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பகல் சூட்டில் செப்புக் கொயிலின் தடையும் ஏறும், 60 பாகை கூடினால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. இதற்கு மேல் அளவு மிஞ்சிய கேஸ் அழுத்தத்தை உயர்த்தி, கொம்பிரஷரைச் சுற்றுவதையே பாரமாக்கியிருக்கிறது. மருந்தென்று அடித்த கேஸ் நோயைக் கூட்டியிருந்தது.

பெயின்டைச் சுரண்டி, கொம்பிரஷர் உடம்பிலிருந்து எஞ்சின் புளொக்குக்கு ஒரு துண்டு வயர் போட்டேன். கேஸ் முழுவதையும் மெசினில் இழுத்தெடுத்து, வெக்யூம் வைத்து, பொனட்டடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் கிராம் கணக்குப்படி நிறுத்துப் போட்டேன். ஆர்-134ஏ என்ற இந்தக் கேஸைக் காற்றில் திறந்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நூறு வருடக் கணக்கில் அதன் ஒரு கிலோ 1,430 கிலோ காபனீரொட்சைட்டின் அளவு பூமியைச் சூடாக்கும்.

நிறுக்காமல் கேஸ் அளவைச் சொல்ல முடியாது. எஞ்சின் நின்றிருக்க, 30 பாகை வெப்பத்தில் கேஜ் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் 800 இருந்தாலும் அதே 97தான். கொஞ்சமாவது திரவம் மிஞ்சியிருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது சூடு மட்டுமே. கேஜைப் பார்த்து "புல்லா இருக்கு" என்று சொல்கிறவரிடம் தராசு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. எலி கடித்து ஒரே ஒரு இழை மிஞ்சிய வயரிலும் அது 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டைக் குடிப்பதே இல்லை. இதற்காகவே 21 வாட் சிக்னல் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் ஒட்டி வைத்திருக்கிறேன். 1.75 அம்பியர் கேட்டால் வயரின் உண்மைத் திறம் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். ஆனால் எயார்பேக் பக்கமோ கொம்பியூட்டர் வயர்களிலோ அந்தப் பல்ப் கிட்டப் போகக்கூடாது. 10 அம்பியர் பியூஸ் எரிந்த இடத்தில் 20 போடுகிறவர்களைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார்களெல்லாம் நம் கையிலேயே கிழடாகின்றன. அவற்றின் கொம்பிரஷர் பெல்ட்டில் ஓடுவதில்லை, உள்ளே உயர் வோல்ட் மோட்டார் இருக்கிறது. சாதாரணக் காருக்குப் போடும் பிஏஜி எண்ணெய் அதற்குள் கலந்தால் இன்சுலேஷன் கெட்டு, கொம்பிரஷரையே மாற்ற வேண்டி வரலாம். உயர் வோல்ட் ஓடும் செம்மஞ்சள் வயர் கண்டால் கைவைக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

வேன் பில்லைப் பார்த்து "ஒரு துண்டு வயருக்கு இவ்வளவா?" என்றார் முதலாளி. வயருக்குக் காசு இல்லை, இடத்தைக் கண்டுபிடித்ததற்குத்தான் என்றேன். அரை மனதோடு தந்தார். ஏசிக்கு அடுத்த முறை யாரிடம் போனாலும் அது காலையிலா பகலிலா, வாகனம் நிற்கும்போதா ஓடும்போதா வேலை செய்யாமல் போகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள். முன்னர் யார் எதைத் தொட்டார்கள் என்பதை ஒளிக்காதீர்கள். எத்தனை கிராம் கேஸ், என்ன எண்ணெய் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.