பூட்டின வீட்டுக்கு வந்த கடுதாசி

ஆறு மாசம் வீட்டைப் பூட்டிண்டு வெளிநாடு கிளம்பறவங்க எல்லாரும் கவலைப்படறது பெட்டி எடையைப் பத்தித்தான். இருபத்து மூணு கிலோ தாண்டிடுமோ, ஆவக்காய் பாட்டில் ஒழுகிடுமோ... எங்க வீட்டு ரங்கமணி வேற ரகம். அவர் கவலை எல்லாம் கரண்ட் பில், வீட்டு வரி, இன்ஷூரன்ஸ் பிரீமியம். பாய்லர் தொழிற்சாலையில முப்பத்தஞ்சு வருஷம் குப்பை கொட்டினவர் ஆச்சே, எதுக்கும் ஒரு லிஸ்ட் வேணும்! அதுக்குன்னே நாற்பது பக்க நோட்டு ஒண்ணு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2006-ல முதல் தடவை பொண்ணு வீட்டுக்கு டாலஸ் போனோம். அப்போ திருவெறும்பூர் பேரூராட்சி. (2011-லதான் திருச்சி மாநகராட்சியோட சேர்த்தாங்க.) கவர் கவரா பணம் போட்டு, மேலே "கரண்ட்", "டெலிபோன்", "வீட்டு வரி"ன்னு எழுதி எதிர் வீட்டு அம்மாகிட்டே குடுத்துட்டுப் போனோம். பாவம் அந்த அம்மா, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை எங்க மீட்டர் அட்டையையும் எடுத்துண்டு போய் மின்வாரியக் கவுண்டர்ல வரிசையில நிப்பாங்க. வந்த தபாலை எல்லாம் ஒவ்வொண்ணாப் பிரிச்சு, ஞாயித்துக்கிழமை பொண்ணு போன் பண்ணினா படிச்சும் காட்டுவாங்க. கல்யாணப் பத்திரிகையில யார் யார் பேர் போட்டிருக்குன்னு உள்பட!

2022 அக்டோபர் 12 கிளம்பும்போது அதெல்லாம் வேண்டாம்னுட்டார் இவர். எல்லாம்தான் ஆன்லைன் ஆயாச்சே. கரண்ட் பத்திக் கவலையே இல்லை. ஃப்ரிட்ஜைக் காலி பண்ணி மெயினை அணைச்சாச்சு, ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் இலவசம், பூட்டின வீட்டுக்கு என்ன பில் வரப்போறது? இன்ஷூரன்ஸ் பிரீமியம் பேங்க்லேர்ந்து தானாப் போயிடும். அப்படியே தவறினாலும் வருஷ பிரீமியத்துக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. மத்ததை அங்கேர்ந்தே கட்டிக்கலாம். அவரோட இந்திய சிம்மை எடுத்து ஒரு குட்டி டப்பாவுல போட்டு வெச்சுண்டார். ஓடிபி வேணும்னா மட்டும் பழைய போன்ல போட்டு எடுப்பார். டாலஸ்ல ராத்திரி பத்தரை மணிக்கு உக்காந்தா இங்கே காலம்பற ஒன்பது. பேரன் பக்கத்துல உக்காந்து "தாத்தா, நம்பர் வந்துடுத்தா?"ன்னு கேப்பான்.

எதிர் வீட்டு அம்மா இந்தத் தடவையும், "தபால் வந்தா பிரிச்சு போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பட்டுமா மாமி?"ன்னாங்க. நான்தான், "எதுக்கு உங்களுக்குச் சிரமம்? முக்கியமானது எதுவும் தபால்ல வராது, ஒரு பையில போட்டு வைங்கோ, போதும்"னு சொன்னேன். ஆமா, நானேதான் சொன்னேன்.

மார்ச் கடைசியில திரும்பி வந்தோம். நடுராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு, தூக்கம் போன இடம் தெரியலை. சரின்னு அந்தப் பையைக் கவுத்துக் கொட்டினேன். உள்ளேர்ந்து ஒரு எறும்புப் பட்டாளம்! தேவர்கள் எறும்பா வந்து மலைமேல ஈஸ்வரனைக் கும்பிட்ட ஊராச்சே, தபாலை மட்டும் சும்மா விடுமா? முடிஞ்சுபோன கல்யாணங்களுக்கு நாலு பத்திரிகை. அக்டோபர் கடைசி தேதி போட்ட டிவிடெண்ட் செக் ஒண்ணு. அறுநூத்துச் சொச்சம் ரூபாய்தான், ஆனா 2012 ஏப்ரல்லேர்ந்து செக்குக்கு ஆயுசு மூணே மாசம், முன்னே மாதிரி ஆறு மாசம் இல்லை. போச்சு. அப்புறம் துணிக்கடை விளம்பரம், பல் ஆஸ்பத்திரி விளம்பரம்... அதுக்கு நடுவுல பேங்க்லேர்ந்து ஒரு நீளக் கவர். அத்தை பேருக்கு.

அத்தைன்னா இவரோட அத்தை. ஸ்ரீரங்கத்துல உத்தர வீதியில ஒரு போர்ஷன்ல தனியா இருக்கா. குழந்தை குட்டி கிடையாது. அத்திம்பேர் பொன்மலை ரயில்வே பட்டறையில வேலை பார்த்தவர். அவர் போனப்புறம் குடும்ப பென்ஷன்லதான் ஜீவனம். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை போர்ஷன் மாத்துவான்னு பேங்க்ல எங்க விலாசத்தையும் இவரோட போன் நம்பரையும் குடுத்திருந்தோம். நல்லதுக்குத்தான் குடுத்தோம்.

கவர்ல இருந்தது ரெண்டே வரி. உயிர்வாழ் சான்று வரலை, நவம்பர் 30-க்குள்ள குடுக்கலைன்னா பென்ஷன் நின்னுடும்.

இவரை எழுப்பினேன். டப்பாவுலேர்ந்து சிம்மை எடுத்துப் போட்டுப் பார்த்தார். ஓடிபிக்கு நடுவுல, அது தொலைஞ்சுபோச்சு இது முடிஞ்சுபோச்சுன்னு வர்ற மெசேஜுக்கு நடுவுல, பேங்க் அனுப்பின நினைவூட்டலும் இருந்தது. கண்ணுலேயே படலை. டிசம்பர்லேர்ந்து பென்ஷன் வரவு மெசேஜ் எதுவும் இல்லை. வர்ற மெசேஜையாவது பார்க்கலாம், வராத மெசேஜை யார் பார்க்கறது? ரொம்ப நேரம் நோட்டையே புரட்டிண்டு இருந்தார். அவரோட சொந்த உயிர்வாழ் சான்று அதுல டிக் பண்ணி இருந்தது. இவருக்கு பி.எஃப். பென்ஷன். எந்த மாசம் வேணாலும் குடுக்கலாம், குடுத்த தேதியிலேர்ந்து ஒரு வருஷம் செல்லும். அதனால செப்டம்பர்லேயே முடிச்சுட்டார். அத்தை பேர் நோட்டுல எங்கேயுமே இல்லை. வருஷா வருஷம் நவம்பர்ல அத்தையை ஆட்டோவுல வெச்சு பேங்குக்கு அழைச்சுண்டு போறது வழக்கம். வழக்கமானதை யாராவது எழுதி வெப்பாளோ?

விடிஞ்சதும் ஸ்ரீரங்கம் ஓடினோம். காவிரிப் பாலம் திறந்து ஒரு மாசம்கூட ஆகலை. நாங்க இல்லாத மாசங்கள்ல ரிப்பேருக்குன்னு அதை மூடி, எல்லாரும் சுத்திண்டு போயிண்டிருந்தாங்களாம். அத்தையைப் போய்ப் பார்க்க யாரையாவது அனுப்பியிருந்தாலும் கஷ்டம்தான்னு எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிண்டேன். யாரையும் அனுப்பலைங்கறது வேற விஷயம்.

அத்தை கொஞ்சம் இளைச்சிருந்தா. சமையலுக்கு வர்ற மாமியை ஜனவரியிலேயே நிறுத்திட்டாளாம். "கோயில்ல நாள் முழுக்க அன்னதானம் போடறாளே, நடந்து போனா காலுக்கும் நல்லது, பெருமாள் பிரசாதம் வேற"ன்னா. 2012-லேர்ந்து நடக்கற அன்னதானம். எத்தனையோ தடவை நாங்களே அங்கே சாப்பிட்டிருக்கோம். ஆனா எண்பத்திரெண்டு வயசுல, தூணைப் பிடிச்சுண்டு தினம் அந்த வரிசையில அத்தை நின்னிருக்கான்னு கேட்டதும் எனக்கு எங்கே பார்க்கறதுன்னே தெரியலை. பேங்க்ல கொஞ்சம் மிச்சம் இருந்ததை வாடகைக்கும் மாத்திரைக்கும் வெச்சுண்டாளாம்.

"ஏன் அத்தை போன்ல சொல்லலை?"ன்னு இவர் கேட்டார், குரலே எழும்பலை. தைத்தேர் அன்னிக்குக்கூடப் பேசினோமே! தேர் நன்னா வந்தது, கூட்டம் ஜாஸ்தின்னு எல்லாம் சொன்னா.

"கடல் தாண்டி இருக்கறவாளை எதுக்குடா கலவரப்படுத்தணும்? சர்க்கார் ஏதோ நிறுத்திட்டான், நீ வந்தா பார்த்துப்பேன்னு இருந்தேன்."

அன்னிக்கே பேங்குக்குப் போய்ச் சான்று குடுத்தோம். அடுத்த மாசம் நிலுவை மொத்தமா வந்துடுத்து. பணம் எங்கேயும் போகலை. அங்கேதான் ஒண்ணு தெரிஞ்சுது. எண்பது தாண்டினவங்க நவம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டாமாம், அக்டோபர் ஒண்ணாம் தேதியிலேர்ந்தே குடுக்கலாமாம். 2019-லேயே வந்த உத்தரவு. நாங்க கிளம்பினது பன்னிரண்டாம் தேதி! அந்தப் பதினோரு நாளும் நான் பருப்புப்பொடி அரைச்சு பேக் பண்ணிண்டிருந்தேன்.

இப்போ நோட்டுல முதல் பக்கமே அத்தைதான். பேங்க்ல அத்தையோட சொந்த நம்பரையும் சேர்த்தாச்சு. இவரோட சிம் டப்பாவுக்குப் போறதில்லை, தினம் போன்லேயே இருக்கு. தபாலைப் பிரிச்சு போட்டோ அனுப்பறது பழையபடி எதிர் வீட்டு அம்மா. நல்லவேளை, அவங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்கலை. அவங்களுக்குத் தெரியாத கல்யாணமே இல்லை இப்போ.

உயிர்வாழ் சான்றுக்கு பேங்க் வரைக்கும் போக வேண்டாம். 2020 நவம்பர்லேர்ந்து தபால்காரரே எழுபது ரூபாய்க்கு வீட்டுக்கு வந்து கைரேகை வெச்சு முடிச்சுக் குடுக்கறார். ஆனா பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு அத்தையோட ரேகை எல்லாம் அழிஞ்சுபோயிருக்கு. ஒவ்வொரு விரலா வெச்சுப் பார்த்தும் மெஷின் ஒத்துக்கலை. அதனால முகத்தைக் காட்டற செயலிதான். போன அக்டோபர் முதல் வாரம் நான்தான் போனைப் பிடிச்சுண்டு நின்னேன். கண்ணை மூடித் திறக்கணும்னு அதுல வந்தது. எண்பத்தஞ்சு வயசு அத்தை பெருமாளை சேவிக்கற மாதிரி கண்ணை மூடினா, திறக்கவே இல்லை. "போதும் அத்தை, திறங்கோ"ன்னேன்.

பச்சையா ஒரு டிக் வந்தது.

"நான் இருக்கேன்னு ஒத்துண்டுடுத்தா?"ன்னு கேட்டுட்டு, காபி போட உள்ளே போயிட்டா.