மஞ்சள் தெரிந்தது

தியாகதுருகத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஓர் அம்பாஸடர் கார் நிற்கிறது. ‘நிற்கிறது’ என்ற வார்த்தையை யோசித்துத்தான் போடுகிறேன். அப்பா காலமான பிறகு அது ஓடியதைவிட நின்றதே அதிகம்.

1982-ம் வருஷம் அப்பா அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தபோது எனக்கு ஒன்பது வயது. முகப்பில் மாலை, நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம், உடம்பு முழுவதும் பால் வெள்ளை. ஊரில் மலைக்கோட்டைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டிய வஸ்து எங்கள் கார்தான் என்று தீர்மானித்துவிட்டேன். அந்தக் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒரு காலத்தில் சண்டை போட்டார்கள். எங்கள் காருக்காக நானும் ஒரு சண்டை போட்டேன். என் வகுப்புப் பையன் ஒருவன், “அது புதுசு இல்லடா, பழைய டாக்ஸி!” என்று சொல்லிவிட்டான். அவன் சட்டையைத் தோளிலிருந்து இடுப்புவரை கிழித்தேன். வாத்தியார் விசாரணை எதுவும் வைத்துக்கொள்ளாமல் இருவருக்கும் சமமாகப் பிரம்பைப் பங்கிட்டார்.

அந்தப் பால் வெள்ளை இப்போது சுவர்ச் சுண்ணாம்பாகிவிட்டது. சாய்ந்துகொண்டால் சட்டையில் ஒட்டுகிறது. வெயில் வருஷக்கணக்கில் விழுந்தால் பெயிண்டைப் பிடித்துவைத்திருக்கும் பசை மேலாகச் சிதைந்துபோகிறது. பிடிப்பை இழந்த நிறப்பொடிதான் கையோடு வருகிறது. கொட்டகைக்குக் கூரை உண்டு, ஆனால் மேற்குப் பக்கம் சுவர் கிடையாது. எங்கள் ஊர்ப் பாறை மலை பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி வரைக்கும் திருப்பித் தந்துகொண்டிருக்கும். பெயிண்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

தை மாதம் பதினைந்து நாள் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு நாவலின் கடைசி மூன்று அத்தியாயங்களை முடிப்பது உத்தேசம். அதைத் தவிர எந்த வேலையும் எனக்கு இன்பமாகத் தோன்றிய சமயம் அது. காருக்கு மெருகு ஏற்றலாம் என்று கிளம்பினேன்.

யோசனை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் தேங்காய் எண்ணெய் என்றார். தடவினால் உண்மையிலேயே பளபளக்கிறது, முதல் லாரி புழுதி கிளப்பும் வரையில். இன்னொருவர் பற்பசை என்றார். கடைசியில் பெயிண்ட் வேலை செய்து ஓய்ந்துபோன ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தேன். அவர் ஈரத் துணியால் கதவில் ஓர் இடத்தைத் தேய்த்து, துணியை என்னிடம் நீட்டினார். துணி வெள்ளையாக இருந்தது.

“மேலே கண்ணாடிப் பூச்சு இல்லாத பழைய மாதிரி பெயிண்ட், தம்பி. இந்தக் காலத்துக் காருக்கு நிறத்துக்கு மேலே தனியா ஒரு பூச்சு இருக்கும். இதுக்கு நிறமேதான் பளபளப்பு. செத்த தோலைத் தேய்ச்சு எடுத்தா உயிர்த் தோல் தெரியும். ஆனா எவ்வளவு இருக்குன்னு அளந்து பார்த்துத் தேய்க்கணும். விளிம்பிலே கை வைக்காதீங்க. அங்கே பெயிண்ட் ரொம்ப மெலிசு. டேப் ஒட்டிடுங்க.”

அவர் வாயில் அது ‘டூகோ’. 1923-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி கொண்டுவந்த பெயிண்டின் பெயர் அது. அதற்கு முன் ஒரு காருக்கு வார்னிஷ் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகுமாம். அந்தக் கம்பெனிப் பெயர் நம் ஊர்ப் பட்டறைகளில், எந்த டப்பாவிலிருந்து அடித்தாலும் டூகோதான் என்று நிலைத்துவிட்டது.

அதிகாலையில், தகடு சூடேறுமுன் வேலையை ஆரம்பிப்பேன். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, ஒரு முழம் சதுரத்துக்கு மேல் போகாமல் ரப்பிங் காம்பவுண்டு தடவித் தேய்க்க வேண்டும். வெயிலில் செய்தால் அது காய்ந்து தகட்டோடு அப்பிக்கொள்ளும். மூன்றாம் நாள் இடது கதவில் என் முகம் தெரிந்தது. அவ்வளவு நல்ல முகமில்லை என்றாலும் சந்தோஷமாக இருந்தது. அந்த சந்தோஷத்தில் டேப்பை மறந்தேன்.

கூரையின் ஓரத்தில், மழைத் தண்ணீர் வழியும் மடிப்புக்கு மேலே, துணியில் மஞ்சள் ஒட்டியது. எட்டணா அகலத்துக்கு வெள்ளை போய்விட்டது. அடியில் நல்ல மஞ்சள். மனசு கேளாமல் பானெட்டின் விளிம்பில் கொஞ்சம் தேய்த்துப் பார்த்தேன். அங்கே கறுப்பு.

கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. பழைய மதராஸில் டாக்ஸிக்குக் கை காட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். துணியை அவள் முன்னால் விரித்தேன்.

“ஆமாம், மெட்ராஸ் டாக்ஸிதான். ஆர்.ஸி. புத்தகத்திலே எல்லாம் எழுதியிருக்கே, நீ படிச்சதில்லையா?”

ஊரார் புத்தகங்களையெல்லாம் படித்தவன், வீட்டிலிருந்த அந்த ஒரு புத்தகத்தைப் படிக்கவில்லை.

“புதுசுன்னு அப்பா சொன்னாரே!”

“அவர் எங்கே சொன்னார்? நீங்க குதிச்சீங்க, அவர் சும்மா இருந்தார். உங்க அக்காவைப் பொண்ணு பார்க்க வர நேரம். டாக்ஸி நிறத்திலே வாசல்லே நின்னா ஏதாவது பேசுவாங்கன்னு பயம். பட்டறைக் கூலிக்குப் பணம் பத்தலை. மூணு நாள் அவரும் கூட உட்கார்ந்து எமரித் தாள் போட்டுத் தேய்ச்சார். விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு வந்தார். உங்ககிட்டே கிணத்துக் கயிறுன்னு சொன்னார்.”

கிணற்றுக் கயிறு எனக்கு ஞாபகம் இருந்தது. நான்தான் மஞ்சள் அரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது என் விரல்களும் அதே இடத்தில் எரிந்தன.

மறுநாள் மேஸ்திரி வந்து பார்த்தார். “சொன்னேனே!” என்றார் முதலில். அதைச் சொல்லாமல் எந்த மேஸ்திரியும் வேலையை ஆரம்பிப்பதில்லை. பிறகு கூரையை முழுக்கத் தேய்த்துப் புதிதாக அடித்துவிடலாம், ஒரே நாள் வேலை என்றார். பானெட்டின் கறுப்பைத் தொட்டுத் தொட்டு மூடச் சொன்னேன். அங்கே துரு வரும் பயம் உண்டு. கூரை மஞ்சளின் மேல் மெழுகு மட்டும் போதும் என்றேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்; கூலியைக் குறைக்கப் பார்க்கிறான் என்று எண்ணியிருப்பார்.

சாயங்காலம் கடைவீதிக்குப் போய், ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் பழைய எதிரியைக் கூட்டிவந்தேன். ஏன் என்று சொல்லவில்லை. அவன் காரை ஒரு சுற்றுச் சுற்றினான். மஞ்சளின் மேல் விரலை வைத்தான். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. சட்டைக்குத் துணி கேட்பான் என்று காத்திருந்தேன்.

அவன் பின்கதவைத் திறந்து, சட்டமாக உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டான்.

“சென்ட்ரல் ஸ்டேஷன் போப்பா,” என்றான். “மீட்டர் போட்டுக்கோ.”

நான் முன்னால் ஏறிச் சாவியைத் திருப்பினேன்.