தெய்வீகம் என்ற சொல்

தைப்பூசத்துக்கு முந்திய நாட்களில் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடப்பவர்களோடு கே. பி. சுந்தராம்பாளின் குரலும் போகிறது. தண்ணீர்ப் பந்தல்களின் குழாய் ஒலிபெருக்கியில் மற்றக் குரல்கள் நசுங்கிப் போகின்றன. இது மட்டும் வெட்டவெளியைத் தாண்டி முழுசாக வந்து சேர்கிறது. கேட்பவர்கள் தெய்வீகம் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை.

1908இல் கொடுமுடியில் பிறந்தவர். வீட்டில் வறுமை. சிறுமியாக ரயிலில் பாடிக் காசு வாங்கியிருக்கிறார். ரயில் சத்தத்துக்கு மேலே ஏறாத பாட்டுக்கு அங்கே காசு விழாது. பிறகு நாடக மேடை. ஒலிபெருக்கி வராத காலம். கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் உடையாமல் எட்ட வேண்டும். 1926இல் இலங்கையில் எஸ். ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார். அந்த உச்சஸ்தாயிக்கு முன்னால் இன்னொரு குரல் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். ஜோடியாகப் புகழ் வந்தது, மணமும் நடந்தது.

1933இல் கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயது. வெள்ளைப் புடவை, திருநீறு. ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்றார். 1935இல் 'நந்தனார்' படத்தில் தாமே நந்தனாராக நடித்தார். சம்பளம் ஒரு லட்ச ரூபாய். 1953இல் 'ஔவையார்'. அதற்குப் பிறகு ஜனங்கள் அவரை வேறு வேஷத்தில் நினைக்கவில்லை.

பக்தி அந்தக் குரலுக்கு ஓர் இடம் கொடுத்தது. ரயிலில் பாடிய சிறுமியை மறைத்தும் விட்டது. உழைப்பை அருள் என்று பெயர் மாற்றிவிட்டால் யாரும் யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை.