கஞ்சமலைக்கு எத்தனை வழி

முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன் நான். ஜூன் மாதம் வந்தால் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அதிக மதிப்பெண் எடுத்தவர்களை ஃபர்ஸ்ட் குரூப்பில் எழுதுவேன். அடுத்தவர்களுக்கு அடுத்த குரூப். எதிலும் இடம் கிடைக்காதவர்களுக்கு வரலாறு. "உனக்கு எதுப்பா பிடிக்கும்?" என்று ஒரு பிள்ளையையும் கேட்டதாக நினைவில்லை.

ஒரு வருடம் வகுப்பில் முதலாவதாக வந்த பையன் தயங்கித் தயங்கி வந்தான். "ஐயா, எனக்கு ஹிஸ்டரி குரூப் குடுங்கய்யா" என்றான். நான் அவன் அப்பாவை வரவழைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து பேசி, அவன் மனதை மாற்றினோம். அன்றைக்கு ஒரு குடும்பத்துக்கு நல்லது செய்துவிட்டதாக நம்பித்தான் வீட்டுக்குப் போனேன்.

இந்த ஆண்டு அதே கேள்வி என் வீட்டுக்கே வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய என் பேத்தி, "அப்புச்சி, நான் பி.ஏ. ஹிஸ்டரி படிக்கட்டுங்களா?" என்று கேட்டாள். "ரெண்டு வருசம் ஹாஸ்டல்ல விட்டுப் படிக்க வெச்சது இதுக்குத்தானா?" என்று என் மகள் அழுதுவிட்டாள். வாத்தியாராச்சே, நானே முடிவு சொல்லட்டும் என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

சேலம் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டியில் மொட்டை மாடி ஏறி வடக்கே பார்த்தால் கஞ்சமலை தெரியும். அமாவாசைக்கு சித்தர் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போவோமே, அந்த மலைதான். அது இரும்புத் தாது நிறைந்த மலை. வேதியியல் படித்தவனுக்கு அது மேக்னடைட். மூன்று இரும்பு அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த பொருள். இத்தனை காலம் என் மாணவர்களுக்கு அந்த மலையைப் பற்றி நான் சொன்னது அவ்வளவுதான். மலையை முழுக்கச் சொல்லிவிட்டதாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை அதைப் பார்த்துக்கொண்டே யோசித்தபோதுதான், நான் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று தெரிந்தது.

இரும்பைக் காய்ச்சித் தென்னிந்தியாவில் செய்த உருக்குக்கு உலகமெங்கும் பெயர் இருந்தது. 'ஊட்ஸ்' என்று ஐரோப்பியர் அதை அழைத்தார்கள். பின்னாளில் மின்சார ஆராய்ச்சியால் புகழ் பெற்ற மைக்கேல் ஃபாரடே, 1819இல் அந்த உருக்கை வேதியியல் முறையில் ஆராய்ந்தார். அதன் சிறப்புக்கு அலுமினாவும் சிலிக்காவும் காரணமாக இருக்கலாம் என்று கருதினார். அது சரியில்லை, கரிதான் முதன்மையான காரணம். ஃபாரடேயின் அறிவில் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. ஆனால் உருக்குக் கட்டியை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு, அதைச் செய்த கொல்லர் உலையில் எதை எதைப் போட்டார் என்பது எப்படித் தெரியும்?

அதை எழுதி வைத்தவர் வேதியியலார் அல்லர். ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, வேலையை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாதுவை நம்பி எழுந்த ஆலை அது. 1839இல் வெளிவந்த கட்டுரையில் நம் கொல்லர்களின் முறையை அவர் விவரித்திருக்கிறார். சிறு மண் கலத்துக்குள் இரும்புத் துண்டுகளை இடுவார்கள். கூடவே காய்ந்த ஆவாரங்குச்சி. மேலே எருக்க இலை. பிறகு களிமண்ணால் வாயை மூடி, துருத்தி ஊதிக் காய்ச்சுவார்கள். ஆவாரை கருகிக் கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் இறங்கும். இரும்பு உருக்காகும். நம் வேலியோரத்தில் பூத்துக் கிடக்கும் ஆவாரையும் எருக்கும்! இதைப் புரிந்துகொள்ளச் செடிகளை அறிந்தவரும் வேண்டும், கொல்லர் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தவரும் வேண்டும்.

'ஊட்ஸ்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? கன்னடத்தில் உருக்குக்கு 'உக்கு' என்று பெயர். அது நம் 'உருக்கு' என்ற சொல்லுக்கு உறவு. இதைச் சொல்ல மொழியியல் படித்தவர் வேண்டும். 'கஞ்சம்' என்றால் தாமரை; வெண்கலம் என்றும் பொருள் உண்டு. அப்படியானால் இந்த மலைக்கு ஏன் அந்தப் பெயர்? இந்தக் கேள்வியை எந்தச் சோதனைக் குழாயில் போட்டாலும் விடை கிடைக்காது.

இரும்பின் காலத்தைக் கணிக்கும் வேலையும் இருக்கிறது. 2025 ஜனவரி 23 அன்று தமிழக அரசு 'இரும்பின் தொன்மை' பற்றிய ஆய்வறிக்கையை வெளியிட்டது. அதை எழுதியவர்கள் பேராசிரியர் கா. ராஜனும் இரா. சிவானந்தமும், இருவரும் தொல்லியல் அறிஞர்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகிறது என்கிறது அந்த அறிக்கை. நம் சேலம் மாவட்டத்தில் மேட்டூர்ப் பக்கம் உள்ள தெலுங்கனூரில் கிடைத்த உருக்கு வாளுக்கு கி.மு. 1435க்கும் 1233க்கும் இடைப்பட்ட காலம் தரப்பட்டிருக்கிறது. சிவகளை மாதிரிகள் லக்னோ, அகமதாபாத், அமெரிக்கா என்று மூன்று இடத்து ஆய்வகங்களுக்குப் போயின. அங்கே மண்ணில் புதைந்திருந்த முதுமக்கள் தாழியைப் பக்குவமாகத் திறந்தது வரலாறு படித்த கை. உள்ளே இருந்த கரியின் வயதைச் சொன்னது இயற்பியல், வேதியியல் கருவி.

அந்தக் கரிக் கணக்கைக் கண்டுபிடித்த வில்லார்ட் லிப்பியைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். உயிருள்ள மரம் காற்றிலிருந்து கார்பன்-14ஐ எடுத்துக்கொண்டே இருக்கும். வெட்டியதும் வரவு நின்றுவிடும். இருப்பு 5,730 ஆண்டுகளில் பாதியாகும். எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் வயது தெரியும். இதற்காக 1960இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தக் கணக்கு சரிதானா என்று லிப்பி எப்படிச் சோதித்தார் தெரியுமா? எகிப்து அரசன் ஜோசரின் கல்லறையில் இருந்த மரத்துண்டை வாங்கிச் சோதித்தார். அந்த அரசனின் காலத்தை வரலாற்று அறிஞர்கள் ஏற்கனவே கணித்து வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கோடு தன் கணக்கை ஒப்பிட்டுத்தான் லிப்பி நம்பிக்கை கொண்டார். இன்றைக்கு வரலாற்றுக்குக் காலம் சொல்கிற அறிவியல், அன்றைக்கு வரலாற்றிடம் போய்ச் சரிபார்த்துக்கொண்டது. இந்தப் பாதியை நான் எந்த மாணவனுக்கும் சொல்லவில்லை.

அறிவியலுக்குத்தான் ஆதாரம் உண்டு, மற்றதெல்லாம் வெறும் பேச்சு என்று நினைத்தவன் நான். அது தவறு. வேதியியலில் சந்தேகம் வந்தால் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கலாம். வரலாறு ஒருமுறைதான் நடக்கிறது. அதனால் கல்வெட்டு, காசு, பானை ஓடு என்று பல சாட்சிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு உண்மையைத் தேட வேண்டும். இலக்கியம் படிப்பவர் ஒரு சொல் அந்தக் காலத்தில் என்ன பொருளில் வழங்கியது என்று நூறு இடங்களில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வழி வேறு வேறு. கேட்கிற உழைப்பு ஒன்றே, கேட்கிற நேர்மையும் ஒன்றே.

ஆய்வு செய்ய மலைதான் வேண்டும் என்றும் இல்லை. எங்கள் ஊர்க் கைமுறுக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் அரிசி மாவு எப்படி மொறுமொறுப்பாகிறது என்று உணவு அறிவியல் கேட்கும். சுற்றுகிற பெண்களுக்கு நாள் கூலி கட்டுமா என்று பொருளியல் கேட்கும். மணிக்கணக்காய்க் குந்தியிருக்கும் அவர்கள் முதுகு என்ன ஆகிறது என்று மருத்துவம் கேட்கும். இந்தத் தொழில் எப்போது, யாரால் இந்த ஊருக்கு வந்தது என்று வரலாறு கேட்கும். இதில் எந்தக் கேள்வி மட்டம்?

மறுநாள் காலை என் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "அம்மிணி, வேலை கிடைக்குமான்னு நீ பயப்படறது நியாயம். நல்லாப் படிச்சவளுக்கு வழி பிறக்கும். ஆனா புடிக்காத படிப்புல தள்ளி விட்டா, அவளுக்கும் நட்டம், அந்தப் படிப்புக்கும் நட்டம்" என்றேன். பேத்தியிடம் ஒன்றுதான் சொன்னேன்: "ஹிஸ்டரி படி சாமி. ஆனா வேதியியல் புஸ்தகத்தை எடைக்குப் போட்டுறாத. நாளைக்கு உனக்கு அதுவும் வேணும்."

பெற்றவர்களே, ஆசிரியர்களே, இந்த வயதில் என் தவற்றைச் சொல்லிக் கேட்கிறேன். மதிப்பெண்ணைப் பார்த்துப் பிள்ளைக்குப் படிப்பைப் பிரிக்காதீர்கள். அந்தப் பிள்ளை எந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைகிறது என்று முதலில் கேளுங்கள். அன்று நான் மனதை மாற்றிய பையனிடம் இதைக் கேட்கத் தவறினேன். உங்கள் எதிரே நிற்கும் பிள்ளையிடம் நீங்கள் இன்றைக்கே கேட்கலாம்.