ஒத்தக் குரலுக்கு ரெண்டு மைக்கு



"ஏதாவது எழுதிக் குடுடா. ஆனா கவிதை மட்டும் வேண்டாம். நட்பு, காதல், அம்மா என்று ஏற்கனவே ஒரு கட்டு வந்து கிடக்கு" என்று மலர்க்குழு நண்பன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டான். எனக்குக் கவிதையும் வராது, கதையும் வராது. அதனால் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை எழுதுகிறேன். மூன்று வருடமாக எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் ஒருவன் செய்யக்கூடாத முட்டாள்தனம் அது. படித்துவிட்டுச் சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்தபின் கொஞ்சம் யோசியுங்கள்.

எங்கள் ஆச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவள், தாலாட்டுப் பாடினால் தெருவே அடங்கிவிடும். எங்கள் தெருவில் என் வயதுப் பையன்கள் பாதிப் பேர் அவள் குரலில் தூங்கியவர்கள்தான். ஏட்டில் இல்லாத பாட்டு. தாய்மாமன் பேர், ஊர்ப் பேர், குளத்துப் பேர் எல்லாவற்றையும் அந்தந்தப் பிள்ளைக்குத் தகுந்தபடி சேர்த்துக்கொண்டே போவாள். 2023 டிசம்பரில் செமஸ்டர் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு அப்போது மூணு மாசம். "ஆச்சிக்கு எண்பத்தியொண்ணு ஆகுது. மூச்சு வாங்குது. அவ பாட்டை ரெக்கார்டு பண்ணி வைய்யேன்ல. நீ படிக்கிற படிப்புக்கு அதாவது உபயோகப்படட்டும்" என்றாள் அம்மா. கடைசி வாக்கியத்தில் இருந்த குத்தலை நான் கண்டுகொள்ளவில்லை.

ரெக்கார்டிங் என்றதும் எனக்கு முதலில் வந்த கேள்வி, மோனோவா ஸ்டீரியோவா?

கேள்வியே இல்லை என்பீர்கள். மோனோ என்றால் பழசு, ஸ்டீரியோ என்றால் புதுசு. நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் மாமா இன்றைக்கும் 1978ல் வந்த 'ப்ரியா' படப் பாட்டைப் பற்றிப் பேசினால், "ஸ்டீரியோல எடுத்ததுல மாப்ள! வயலின் இந்தக் காதுல, கிடார் அந்தக் காதுல!" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். அப்படிப்பட்ட வம்சத்தில் வந்தவன் ஆச்சியின் குரலை மோனோவில் எடுப்பேனா? யூடியூபுக்குப் பாட்டுப் போடும் நண்பன் ஒருவனிடம் இரண்டு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஸ்டாண்டு எல்லாம் கடன் வாங்கினேன். கேபிள் மட்டும் ஒன்று குறைந்தது. "கேபிள்தானே, நானே போட்டுக்கிறேன்" என்று மார்தட்டி, கடையில் எக்ஸ்.எல்.ஆர். பின் வாங்கி வந்து, வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து சால்டரிங் வைத்தேன். நினைவில் வையுங்கள், கதையின் வில்லன் இங்கேதான் பிறக்கிறான்.

ஆச்சி திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் இடது பக்கம் ஒரு மைக், வலது பக்கம் ஒரு மைக். இரண்டும் அவள் வாய்க்குச் சமதூரம், ஸ்கேல் வைத்து அளந்தேன். அவள் என்னையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏல, ஒத்தக் கிழவி பாடுததுக்கு எதுக்குல ரெண்டு மைக்கு?" என்றாள்.

"அது ஸ்டீரியோ ஆச்சி. உனக்குப் புரியாது."

இருபத்திரண்டு நிமிஷம் பாடினாள். நடுவில் தண்ணீர் குடித்தாள், ஒரு இடத்தில் மறந்துபோய்ச் சிரித்தாள், ஒரு கோழி குறுக்கே போனது. லேப்டாப்பில் ஆடாசிட்டியில் எல்லாம் பதிவானது. முடிந்ததும் ஹெட்ஃபோனை அவள் காதில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு நெற்றியைச் சுருக்கி, "எய்யா, என் குரலு நேரா இல்லியே. எங்கயோ தள்ளி நின்னு யாரோ பாடுத மாதிரில்லா இருக்கு?" என்றாள்.

"அதான் ஆச்சி ஸ்டீரியோ!" என்று சொல்லி ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டேன். நானும் கேட்டேன். குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றிப் பரவினமாதிரி இருந்தது. "ஆகா, என்ன விரிவு!" என்று நானே மெச்சிக்கொண்டேன்.

2024 பிப்ரவரியில் ஆச்சி தவறிவிட்டாள். அதைப் பற்றி அதிகம் எழுத வரவில்லை. அந்தப் பதிவைத் திறந்து கேட்க வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை, எனக்கும்தான். லேப்டாப்பில் அது பாட்டுக்குக் கிடந்தது.

ஏப்ரலில் நமக்கு கம்யூனிகேஷன் லேப் வைவா வந்தது. எக்ஸ்டர்னல் சார் என்னைப் பார்த்து, "ஸ்டீரியோ எஃப்.எம். சொல்லு" என்றார். நான் மனப்பாடத்தை அவிழ்த்துவிட்டேன். "எல் பிளஸ் ஆர் மெயின் சேனல் சார், பைலட் 19 கிலோஹெர்ட்ஸ் சார், எல் மைனஸ் ஆர் 38 கிலோஹெர்ட்ஸ் சப்கேரியர் சார்!" அவர் விடவில்லை. "சரி, மோனோ ரேடியோ வச்சிருக்கவன் கதி என்ன?" நான் சொன்ன பதில்: "வேற ரேடியோ வாங்கணும் சார்." லேபே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, மார்க்கும் போடவில்லை.

அதற்கான சரியான பதில் எனக்கு மூன்று மாதம் கழித்து எங்கள் வீட்டுப் பந்தலில் கிடைத்தது.

ஜூலையில் அக்கா மகளுக்குத் தொட்டில் போட்டோம். சொந்தக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். பிள்ளையைத் தொட்டிலில் போடும்போது ஆச்சியின் பாட்டு ஒலிக்கவேண்டும், இது அம்மாவின் ஆசை. பந்தலில் சவுண்டு சர்வீஸ் அண்ணாச்சி ஒருவர் ஆம்ப்ளிஃபயர், இரண்டு பாக்ஸ் எல்லாம் வைத்திருந்தார். என் போனை ஒயரில் மாட்டிக் கொடுத்தேன். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றாள். அண்ணாச்சி சவுண்டைக் கூட்டினார்.

ஆச்சி வரவில்லை.

கோழி கூவியது கேட்டது. தூரத்தில் போன பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கிணற்றுக்குள் இருந்து யாரோ முணுமுணுப்பது போல, 'ச' 'ஸ' என்று காற்று மட்டும் வந்தது. குரல் இல்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்கமுடியவில்லை. "என்னல... அழிச்சிட்டியா?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. இனி யாரிடம் போய் மறுபடி பாடச் சொல்வது?

அண்ணாச்சி இரண்டே விநாடி காதைச் சாய்த்துக் கேட்டார். எழுந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் போனார். என் போனிலிருந்து போன ஒயரின் முனையில் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று இரண்டு பின் இருந்ததல்லவா? அதில் சிவப்பைப் பிடுங்கி வெளியே போட்டார்.

பந்தல் முழுக்க ஆச்சி!

அவ்வளவு தெளிவாக, அவ்வளவு பக்கத்தில். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பெரியம்மா அழுதேவிட்டாள். யாருக்காகப் பாட்டோ அந்தப் பிள்ளை மட்டும் மிரண்டுபோய் வீறிட்டது. அது வேறு விஷயம்.

சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணாச்சியிடம் போய் நின்றேன். "தம்பி, ரெண்டு மைக்குல ஒண்ணு தலைகீழா இருக்கு. பின்னை மாத்திப் பத்த வச்சிருக்காங்க. எந்தக் கழுதை வச்சானோ!" என்றார். கழுதை தலையைக் குனிந்து நின்றது. அவர் பத்தாவது தாண்டாதவர், நண்பர்களே. அடுத்து அவர் கேட்டதுதான் பெரிது: "ஆமா, ஒத்த ஆளு பாடுததுக்கு எதுக்குத் தம்பி ரெண்டு மைக்கு?"

ஆச்சி கேட்ட அதே கேள்வி!

என்ன நடந்தது என்று நம் பாஷையில் சொல்கிறேன். எக்ஸ்.எல்.ஆர். பின்னில் 1 என்பது ஷீல்டு, 2 என்பது பிளஸ், 3 என்பது மைனஸ். நான் ஒரு முனையில் 2ஐயும் 3ஐயும் மாற்றி வைத்துவிட்டேன். அதனால் ஒரு மைக்கில் அலை மேலே போகும்போது இன்னொன்றில் கீழே போனது. ஹெட்ஃபோனில் இரண்டும் தனித்தனிக் காதுக்குப் போவதால் குரல் சாகவில்லை, ஆனால் நடு இழந்து பரவிப்போனது. ஆச்சி "தள்ளி நின்னு பாடுத மாதிரி" என்றது அதைத்தான். பந்தலிலோ ஆம்ப்ளிஃபயர் மோனோ. இரண்டையும் கூட்டியது. பிளஸ் ஒன்றும் மைனஸ் ஒன்றும் பூஜ்யம். மைக்குகளுக்குச் சமதூரத்தில் இருந்த ஆச்சி அடிபட்டுப் போனாள். ஸ்கேல் வைத்து அளந்தேனே, அந்தச் சாமர்த்தியமே எமனானது. ஆளுக்கொரு தூரத்தில் இருந்த கோழியும் ஹாரனும் தப்பித்தன.

அப்போதுதான் வைவா கேள்வி மண்டையில் அடித்தது. அமெரிக்காவில் 1961ல் ஸ்டீரியோ எஃப்.எம். முறையை ஏற்றபோது, எல் பிளஸ் ஆரை மெயின் சேனலில் வைத்ததே மோனோ ரேடியோக்காரனுக்காகத்தான். அவனுக்கு இடது, வலது இரண்டும் சேர்ந்து முழுப் பாட்டும் கிடைக்கும், வேற ரேடியோ வாங்கவேண்டாம்! ஸ்டீரியோ வைத்திருப்பவன் எல் மைனஸ் ஆரையும் எடுத்து, கூட்டிக் கழித்து இரண்டாகப் பிரித்துக்கொள்வான். என் பதிவில் ஆச்சியின் குரல் முழுக்க எல் மைனஸ் ஆரில் போய் உட்கார்ந்துவிட்டது. மனப்பாடம் பண்ணிய சூத்திரத்துக்குள் என் ஆச்சியே ஒளிந்திருந்தாள்.

இன்னொரு உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் மோனோ ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 5.3 எம்.பி., ஸ்டீரியோ 10.6 எம்.பி. ஆச்சியின் பதிவு 230 எம்.பி.க்கு மேல் இருந்தது. இடத்தை மிச்சம் பிடிக்க, அதை மோனோவாகக் கலந்து வைத்துவிட்டு ஒரிஜினலை அழித்துவிடலாம் என்று ஜனவரியில் ஒரு நாள் நினைத்தேன். சோம்பேறித்தனத்தால் செய்யவில்லை. செய்திருந்தால் ஆச்சி குரல் நிரந்தரமாகப் போயிருக்கும். கழிந்து பூஜ்யமானதை எந்த சாஃப்ட்வேராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. இரண்டு சேனலும் தனித்தனியாக இருந்ததால்தான், பிறகு ஒன்றைத் தலைகீழாக்கிச் சரிசெய்ய முடிந்தது. ஆடாசிட்டியில் ஒரே சொடுக்கு. என் வாழ்க்கையில் சோம்பேறித்தனம் செய்த ஒரே நன்மை இது.

அதனால் ஸ்டீரியோவைத் திட்டவும் மாட்டேன். லண்டனில் ஈ.எம்.ஐ. கம்பெனியில் இருந்த ஆலன் ப்ளூம்லைன், 1931 டிசம்பரிலேயே அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். நடிகர் திரையில் ஒரு பக்கம் நடக்க, குரல் வேறு பக்கமிருந்து வருவது அவருக்கு உறுத்தியதாகச் சொல்வார்கள். ஆக, ஸ்டீரியோ பிறந்ததே 'யார் எங்கே இருக்கிறார்' என்று காட்டத்தான். எங்கள் ஊர்க் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும். நடுவில் பாடுபவர், ஒரு பக்கம் குடம், இன்னொரு பக்கம் உடுக்கு. அதற்கு ஸ்டீரியோ அழகு. ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே வாயால் பாடுபவளுக்கு இடது எது, வலது எது?

வீட்டில் பாட்டு ரெக்கார்டு பண்ணும் நண்பர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

ஒரு குரல், ஒரு புல்லாங்குழல் என்றால் ஒரு மைக், மோனோ டிராக். மோனோ என்றால் ஒரு காதில்தான் கேட்கும் என்று பயப்படாதீர்கள். மோனோ டிராக் நடுவில் நின்று இரண்டு காதிலும் சமமாகக் கேட்கும். ஒற்றை மைக்கை ஸ்டீரியோ டிராக்கில் எடுத்தால்தான் ஒரு காது ஊமையாகும்.

இரண்டு ஆளுக்கு இரண்டு மைக் வைத்தால், ஒவ்வொரு மைக்கும் தன் ஆளுக்கு எவ்வளவு தூரமோ, அதைப்போல் மூன்று மடங்காவது மைக்குகளுக்குள் இடைவெளி வேண்டும். ஒரே சத்தம் இரண்டு மைக்குக்கும் 34 செ.மீ. வித்தியாசத்தில் போனால் ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் தாமதம். கூட்டும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். சீப்புப் பல் மாதிரி. குரல் தகரடப்பாவில் பேசுவது போலாகிவிடும்.

கூட்டமாகப் பாடுகிறார்கள், கும்மியடிக்கிறார்கள் என்றால் ஸ்டீரியோ எடுங்கள். இரண்டு மைக்கின் தலையையும் ஒன்றின்மேல் ஒன்றாக, 90 டிகிரி விரித்து வையுங்கள். இரண்டுக்கும் சத்தம் ஒரே நேரத்தில் சேர்வதால், மோனோவில் கூட்டினாலும் பெரிதாகச் சேதமில்லை.

எப்படி எடுத்தாலும், எழுந்திருக்கும் முன் ஒருமுறை மோனோவில் போட்டுக் கேளுங்கள். நாம் ஹெட்ஃபோனில் கேட்போம். ஊரில் கேட்பவர்கள் டீக்கடைப் பெட்டியிலும், ஒற்றை ஸ்பீக்கர் போனிலும், பந்தல் பாக்ஸிலும்தான் கேட்பார்கள்.

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். எனக்கு ஆறாத விஷயம் வேறு. எந்தக் கருவியும் இல்லாமல், எண்பத்தியொரு வயதுக் காதை மட்டும் வைத்துக்கொண்டு, "என் குரலு நேரா இல்லியே" என்று ஆச்சி அன்றைக்கே தவறைச் சொல்லிவிட்டாள். அப்போதே கேபிளைப் பார்த்திருந்தால் அந்தத் திண்ணையிலேயே சரிசெய்து, அவள் குரலை அவளுக்கே ஒழுங்காகப் போட்டுக் காட்டியிருப்பேன். அவள் கடைசிவரை தன் குரலை நேராகக் கேட்கவில்லை. "உனக்குப் புரியாது" என்று சொன்ன என் வாயை எந்த மெனுவில் போய்த் தலைகீழாக்குவது?

நாளைக்கு நாம் டிப்ளமோ வாங்கிக்கொண்டு வெளியே போவோம். ஆச்சிகளும் அண்ணாச்சிகளும் நம்மிடம் கேள்வி கேட்பார்கள். சிரிக்காமல் காது கொடுப்போம் நண்பர்களே!

இப்போது மருமகளுக்கு அந்தப் பாட்டைத் தினமும் போடுகிறார்களாம். மோனோவில்தான். நன்றாகத் தூங்குகிறாளாம்.

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை