ஏரியைச் சுற்றி நடந்தது போதும்

தைப்பிங்கில் நம் ஆட்களுக்கு ஏரி என்றால் சுற்றி நடக்கிற இடம். காலையில் சர்க்கரை வியாதிக்காரர்கள் நடப்போம். மாலையில் பேரப்பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவோம். கல்யாணம் முடிந்தால் தூங்குமூஞ்சி மரக்கிளை தண்ணீரைத் தொடுகிற இடத்தில் நின்று படம் எடுப்போம். மிஞ்சிப் போனால் மிதிபடகில் அரைமணி நேரம், அதுவும் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. பதினைந்து, பதினாறு வயதில் இருக்கும் உங்களுக்கு இந்தக் கிழவன் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: இறங்குங்கள். நீச்சல் பழகுங்கள், துடுப்புப் பிடியுங்கள், பாய் விரியுங்கள்.

"நமக்கும் தண்ணிக்கும் ஆகாது" என்று வீட்டில் சொல்வார்கள். சொல்கிறவர்களுடைய பாட்டன்மார் ரஜுலா கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு பினாங்கில் வந்து இறங்கியவர்கள், அதனால் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இந்த ஊர் ரயிலில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அவ்வூர் மாலுமிகள் ஓட்டிக்கொண்டு போய், 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். ரத்தத்தில் தண்ணீர் பயம் இருந்தால் அட்லாண்டிக்கைத் தாண்ட முடியுமா?

பயம் இங்கே வந்த பிறகு பிடித்தது. நான் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் பொதுக்குழாயில் வரிசை நின்று பிடிப்பது. அது போக ஈயக்குட்டை. அதற்குக் கரைச்சரிவே கிடையாது, இரண்டாவது அடியிலேயே ஆழம். அடிச்சேறு காலை விடாது. பள்ளி விடுமுறை வந்தால் எங்காவது ஒரு லயத்தில் ஒப்பாரி கேட்கும். நீச்சல் சொல்லித்தர ஆளில்லாத இடத்தில் அம்மாவின் பிரம்புதான் பிள்ளையைக் காப்பாற்றியது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஏரிகளும் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பள்ளங்கள்தான். 1880இல் அவற்றைப் பூங்காவாக்கினார்கள். பள்ளம் அதேதான், பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் பூங்கா, இல்லாவிட்டால் சாவு.

ஆள் யாருக்கு இருந்தது? பினாங்கு நீச்சல் கிளப் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று இருந்தது. சீனர்கள் சும்மா இருக்கவில்லை, 1928இல் தஞ்சோங் பூங்காவில் தங்களுக்கென்று ஒரு நீச்சல் கிளப் தொடங்கினார்கள். தோட்டத்துத் தமிழனுக்குத் துரை கொடுத்தது ஒரு பந்துத் திடலும் ஒரு கள்ளுக்கடையும். கள்ளுக்கடை என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திடலையும் ஓட்டப் பாதையையும் பாருங்கள். கோலகங்சாரில் பிறந்த ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கினார். தாப்பாவில் பிறந்த ராஜாமணி அதே போட்டியில் 400 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கினார். இருவரும் நம் பேராக் மாநிலத்துப் பிள்ளைகள். ஓட இடம் இருந்தது, ஓடினார்கள். படகு இருந்திருந்தால் படகும் ஓட்டியிருப்பார்கள்.

பாய்மரப் படகு பணக்கார விளையாட்டாயிற்றே என்று கேட்பீர்கள். பாதி உண்மை. உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஓட்டப் பழகும் ஆப்டிமிஸ்ட் படகை 1947இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வரைந்தார். காசில்லாத வீட்டுப் பிள்ளையும் அப்பனோடு சேர்ந்து கொல்லையில் செய்துகொள்ளட்டும் என்பதுதான் யோசனை. இரண்டு பிளைவுட் பலகையில் முடிகிற, எட்டடி நீளக் குட்டிப் படகு. 2010இல் அதன் உலகப் போட்டி நம் லங்காவியிலேயே நடந்தது. செலவு வைப்பது பலகை அல்ல. கிளப் சந்தா, பயிற்சியாளர் சம்பளம், போட்டிக்குப் போகிற டிக்கெட், வாரா வாரம் கொண்டுபோய் விட ஒரு கார். அந்தக் கார் இல்லாத வீடுகள்தான் நம்முடையவை.

அதை எப்படிச் சமாளிப்பது என்று ஹைதராபாத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். கடலே இல்லாத ஊர். நடுவில் ஹுசேன் சாகர் ஏரி, நம் ஊர் போலவே. சுஹைம் ஷேக் என்பவர் 2009இல் அங்கே ஒரு படகு கிளப் தொடங்கி, ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகளைக் கூட்டி வந்து பழக்கினார். அந்தப் பிள்ளைகள் இன்று தேசியப் போட்டியில் பதக்கம் வாங்குகிறார்கள். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவர் மூர்த்தி அலைச்சறுக்கைத் தானே பழகி, குப்பத்துப் பிள்ளைகளுக்கும் பழக்கினார். குடிக்கக்கூடாது, புகைக்கக்கூடாது என்பது அவர் பள்ளியின் சட்டம். நேத்ரா குமணன் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். சென்னைக்காரி. அவருக்கு இந்தப் பித்து பிடித்தது ஒரு கோடை விடுமுறை முகாமில். முகாம் நடத்த ஒரு சங்கம் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

நம் பக்கத்தில் நடப்பது வேறு. வருடத்துக்கு ஒருநாள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டி, துடுப்பைக் கையில் கொடுத்துப் படம் பிடித்து, நாசி லெமாக் பொட்டலம் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். அடுத்த வாரம் யாரும் வர மாட்டார்கள். இதைச் சேவை என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. பழக்கம் என்பது வாரா வாரம் வருவது.

முதலில் படகு வேண்டாம், மிதக்கப் பழகுங்கள். அருவித் தண்ணீர் வந்து விழும் நம் ஊர் கோரனேஷன் குளத்தில் நான் பழகியது அப்படித்தான். மல்லாந்து படு. பிடரிக்குக் கீழே ஒருவர் கை இருக்கட்டும். காது தண்ணீருக்குள் போகும், சத்தம் அடங்கும், அங்கேதான் எல்லாரும் பதறித் தலையைத் தூக்குவார்கள். தலையைத் தூக்கினால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் முங்குவாய். வயிற்றை மேலே தள்ளி மூச்சை இழுத்து நிறுத்து. கையை எடுத்தது உனக்கே தெரியாது. பிறகு கவிழ்ந்த படகை நிமிர்த்தக் கற்றுக்கொள். கவிழ்ந்தால் என்ன செய்வது என்று தெரிந்தவனுக்குக் காற்றைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. உடுப்பைப் பற்றிப் பேச்சு வரும். மலாய்ப் பெண் பிள்ளைகள் முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை போட்டுக்கொண்டு பாய்கிறார்கள், அதே கடையில் நீங்களும் வாங்கலாம். கறுத்துப் போவாய் என்பார்கள், போகட்டும். இலங்கையின் அறுகம் குடாவிலும் இதே பேச்சுதான் இருந்தது. அங்கே 2018இல் பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குச் சங்கம் தொடங்கினார்கள், பிள்ளை பெற்ற அம்மாக்களும் பலகையோடு கடலில் இறங்குகிறார்கள். உன் அம்மாவையும் குளத்துக்குக் கூட்டிப் போ. கரையில் உட்கார்ந்து கத்துகிற அம்மாவைவிடத் தண்ணீருக்குள் நிற்கிற அம்மா நல்லது.

பஸ் செலவுக்கும் பயிற்சியாளர் சம்பளத்துக்கும் எங்கே போவது என்று கேட்கிறீர்கள். திருவிழா வந்தால் ரசீது புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்குகிற பெரியவர்கள் நம்மிடம் குறைவா? அவர்களில் இரண்டு பேரைப் பிடியுங்கள். மூன்றாவதாக நான் வருகிறேன், முதல் ரசீதை என் பேரிலேயே எழுதுங்கள்.