பாட்டின் மேல் வழக்கு

“துப்பாக்கியைப் பாடினான், துப்பாக்கியாலேயே போனான்.”

வல்லம் வடகால் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸில், வடமாநிலத் தோழர் யாராவது சித்து மூஸேவாலாவின் ராப் பாட்டைப் போட்டால் நம் பையன்களில் ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். அம்பேத்கர் படம் போட்ட டீ-ஷர்ட்டோடு சொல்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

மூஸேவாலா 2022 மே 29 அன்று பஞ்சாபின் மான்சா மாவட்டத்தில், ஜவஹர்கே கிராமத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 28. அதற்கு முந்தைய நாள்தான் மாநில அரசு அவருடைய போலீஸ் பாதுகாப்பைக் குறைத்திருந்தது. பாதுகாப்பைக் குறைத்தது யார், ஏன் என்று கேட்பதைவிட, எத்தனை பாட்டில் துப்பாக்கி வருகிறது என்று எண்ணுவது பலருக்குச் சுலபமாக இருந்தது.

அவர் பாட்டோடு எங்களுக்கும் சண்டை உண்டு. பஞ்சாபில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 32 விழுக்காட்டினர் தலித்துகள். நிலமோ பெரும்பாலும் ஜாட்டுகள் கையில். அங்கே ஜாட் பெருமை பேசும் பாட்டு எங்கள் காதுக்கு இனிக்காது. ஆனால் அதற்குப் பதில், பாட்டுதான். ஜலந்தரின் தலித் பாடகி கின்னி மாஹி அப்படித்தான் பதில் சொன்னார்.

அதே பஞ்சாபில், மூஸேவாலா கொலைக்கு 34 ஆண்டுகளுக்கு முன்பு அமர்சிங் சம்கீலா கொல்லப்பட்டார். ராப் பாடகரல்ல, தும்பி வாசித்துப் பாடியவர். சமார் குடும்பத்துப் பிள்ளை, லூதியானா துணி மில்லில் வேலை பார்த்தவர். ஒரகடம் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டே பாட்டு எழுதும் நம் பையன்களுக்குப் புரியும் வாழ்க்கை. 1988 மார்ச் 8 அன்று மெஹ்சம்பூரில் கச்சேரிக்கு வந்து வண்டியை விட்டு இறங்கியபோது அவரையும் மனைவி அமர்ஜோத்தையும் குழுவினர் இருவரையும் சுட்டார்கள். தீவிரவாதிகள் என்றார்கள், போட்டிப் பாடகர்கள் என்றார்கள், சாதி மாறிய திருமணத்துக்கான ஆணவக்கொலை என்றும் சொன்னார்கள். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 2024இல் இம்தியாஸ் அலி படம் எடுத்தார், ரஹ்மான் இசையமைத்தார். அப்போதும் பேச்சு, பாட்டு ஆபாசமா இல்லையா என்பதில்தான் போய் நின்றது. அவர் பக்திப் பாட்டுகளும் பாடினார், அவையும் நன்றாக விற்றன. அவற்றை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

2015 மே மாதம் ஷீரடியில் ஒரு தலித் மாணவர் கொல்லப்பட்டார். அவர் போனில் ரிங்டோன் அம்பேத்கர் பாட்டு. அதில் துப்பாக்கி இல்லை, ஆபாசம் இல்லை. ‘பாட்டால்தான் செத்தான்’ என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

சம்கீலா சாகும்போது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கிடையாது. அது 1989இல்தான் வந்தது. இன்று நம் கையில் இருக்கிறது. பாட்டுக்காகச் சாதிப் பெயர் சொல்லி மிரட்டல் வந்தால், அந்த மெசேஜை அழிக்காதீர்கள், அழைப்பு வந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். அதற்குக் காசு கிடையாது. “அப்படி என்னய்யா பாடினே?” என்று ஸ்டேஷனில் கேட்டால், மிரட்டியவன் பெயரை இன்னொரு முறை சொல்லுங்கள்.